கப்பல் வராத வாரத்தில் வெங்காயம் என்ன விலை?

கார் நிக்கோபாருக்கு வரவேண்டிய கப்பல் வராமல் போனால், அது முதலில் தெரிவது கடைகளில்தான். தக்காளி இருக்காது. முட்டை அட்டைகள் குறையும். இருக்கிற வெங்காயத்துக்கு நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை. "அதே மூட்டைதானே, ராத்திரியில் என்ன ஆச்சு?" என்று வாங்க வந்தவர் கேட்பார். "கப்பல் வரலையே, நான் என்ன செய்ய?" என்பார் கடைக்காரர். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினமான வேலையல்ல. ஆனால் தட்டுப்பாடு வந்தால் ஆளுக்கொரு கட்சியில் நின்று சத்தம் போடுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

முதலில் இடம். கார் நிக்கோபார் ஏறக்குறைய 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான தீவு. நிக்கோபார் மாவட்டத்தின் தலைமையிடம் அங்கேதான். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 18 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. போர்ட் பிளேர், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், வடக்கே சுமார் 270 கிலோமீட்டர். நடுவில் பத்து பாகைக் கால்வாய். கால்வாய் என்று பேரே தவிர, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலமுள்ள திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் அதில் கப்பல் நேரத்துக்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து புறப்படும் ஒரு மூட்டை சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து போர்ட் பிளேரில் இறங்கி, தீவுகளுக்கிடையே ஓடும் வேறொரு கப்பலில் மறுபடி ஏறி, மூஸ் துறையிலோ மலாக்காவிலோ இறங்கி, அங்கிருந்து லாரியில் கடைக்குப் போகவேண்டும். ஏற்றி இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் கூலி உண்டு, காத்திருப்பு உண்டு, மழையும் வெயிலும் உண்டு.

இப்போது அந்த வெங்காய மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம். இது என் கணக்கு. எண்கள் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை. கோயம்பேட்டில் கிலோ 30 ரூபாய் என்றால் 50 கிலோ மூட்டை 1,500 ரூபாய். கப்பல் வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி எல்லாம் சேர்த்து 500 என்று வையுங்கள். ஆக, கடை வாசலில் மூட்டையின் அடக்கவிலை 2,000. கிலோவுக்கு 40. ஆனால் சாக்கைப் பிரித்தால் அடியில் ஈரம் கோத்திருக்கும். சில வெங்காயம் முளைவிட்டிருக்கும், சில விரல் வைத்தால் உள்ளே போகும், கறுப்புத்தூள் படிந்தவை ஒரு பக்கம். பொறுக்கி எடுத்ததில் 10 கிலோ கழிவு என்றால் விற்பதற்கு இருப்பது 40 கிலோ. அடக்கவிலை கிலோவுக்கு 50 ஆகிவிட்டது. கப்பல் பத்து நாள் தாமதமாகி 20 கிலோ அழுகிப்போனால், மிச்சமுள்ள 30 கிலோவின் மேல் அதே 2,000 ரூபாய் உட்காரும். கிலோ 67 ரூபாய். இதில் கடைக்காரருக்கு ஒரு காசு லாபம் இல்லை.

ஆகவே அந்த வாரம் வெங்காயம் 75 ரூபாய்க்கு விற்றால் அது கொள்ளை அல்ல. 120 ரூபாய்க்கு விற்றால் அது அழுகலின் விலை அல்ல, தட்டுப்பாட்டின் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த 45 ரூபாய்தான் விவாதத்துக்குரியது. பெரும்பாலும் வாங்குபவர் 120-ஐயும் பழைய 50-ஐயும் வைத்துச் சண்டை போடுவார். கடைக்காரர் 67-ஐக் காட்டிச் சமாதானம் சொல்வார். நடுவில் உள்ள தொகையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இதே கணக்கைத் துவரம்பருப்புக்குப் போட்டால் கதை மாறும். பருப்பு பத்து நாளில் அழுகாது. கிடங்கில் இருக்கும் மூட்டை பழைய விலைக்கு வந்த மூட்டை. அதற்கும் விலை ஏறினால் வியாபாரிகள் வேறொரு காரணம் சொல்வார்கள்: "இதை விற்றுவிட்டு அடுத்த லோடு எடுக்கணும், அடுத்த லோடு என்ன விலையோ?" இது வெறும் சாக்கு அல்ல. நகைக்கடையில் பத்து வருடம் முன் வாங்கிய தங்கத்தை இன்றைய விலைக்குத்தானே விற்கிறார்கள்? ஆனால் இந்த வாதம் நிற்க வேண்டுமானால் அடுத்த லோடு உண்மையிலேயே அதிக விலைக்கு வரவேண்டும். தாமதமாக வரும் கப்பல் கூடுதல் வாடகை கேட்பதில்லை. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களை அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தின் கப்பல் துறை நடத்துகிறது. கட்டணம் அரசு மானியத்தோடு நிர்ணயித்தது. பத்து நாள் பிந்தி வந்த பருப்பும் அதே கட்டணத்தில்தான் வரும். சென்னையில் பருப்பு விலை ஏறியிருந்தால் ஒழிய, இந்த வாதத்துக்குக் கார் நிக்கோபாரில் கால் இல்லை.

கடைக்காரர் பக்கம் இன்னும் ஒன்று சொல்லவேண்டும். சரக்கு இல்லாத நாளிலும் கடன் வட்டி ஓடுகிறது, வேலையாளுக்குச் சம்பளம் போகிறது. பத்து மூட்டை விற்கவேண்டிய இடத்தில் மூன்று மூட்டை விற்றால் அந்தச் செலவு மூன்றின் மேல்தான் ஏறும். இதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் இதை வைத்து விலையை இரட்டிப்பாக்க முடியாது.

சரி, தட்டுப்பாட்டின் விலை என்கிற அந்த மிச்சத்தொகை தப்பா? இங்கேதான் பொருளாதாரப் பாடப்புத்தகம் உள்ளே வருகிறது. பத்துப் பேருக்கு வேண்டிய பொருள் நாலு பேருக்குத்தான் இருக்கிறது என்றால் அதைப் பங்கிட மூன்று வழிதான் உண்டு. விலையை ஏற்றலாம்; காசுள்ளவர் வாங்குவார். வரிசையில் நிறுத்தலாம், முதலில் வந்தவர், நேரமுள்ளவர் வாங்குவார். ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கலாம். எல்லோருக்கும் கொஞ்சம் கிடைக்கும், யாருக்கும் போதாது. நாலாவதாக ஒன்று உண்டு. தெரிந்தவருக்குக் கடையின் பின்பக்கமாகக் கொடுப்பது. அதைப் புத்தகத்தில் எழுதமாட்டார்கள்.

விலையேற்றத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம் பங்கீடு பற்றியது அல்ல, வரத்து பற்றியது. ஓர் ஊரில் விலை ஏறினால் அந்தச் செய்தி மற்ற ஊர் வியாபாரிகளுக்குப் போகும், அவர்கள் சரக்கோடு வருவார்கள், வரத்து கூடும், விலை தானே இறங்கும். 2020-இல் முகக்கவசத்தில் இதை நாமே பார்த்தோம். மார்ச் மாதம் கடைகளில் முகக்கவசம் இல்லை, இருந்த இடத்தில் விலை பல மடங்கு. சில மாதங்களில் திருப்பூர் பின்னலாடைப் பட்டறைகள் பனியனை விட்டுவிட்டு முகக்கவசம் தைத்தன. துணியும் தையல் எந்திரமும் ஆளும் ஏற்கெனவே அங்கே இருந்தன; தேவையும் விலையும் கூப்பிட்டன, அவர்கள் வந்தார்கள்.

விலை கூப்பிட்டும் சரக்கு வர நாளாகும் பொருள்களும் உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டா அப்படிப்பட்டது. 2020-இல் கொரோனா, தெருப் போராட்டங்கள், அதிபர் தேர்தல் மூன்றும் ஒரே வருடத்தில் வந்தன. லட்சக்கணக்கானோர் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். துப்பாக்கி வாங்கியவர் தோட்டாவும் வாங்கவேண்டும். முந்தைய ஆண்டில்தான் வால்மார்ட் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பதை நிறுத்துவதாக அறிவித்திருந்தது. பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றான ரெமிங்டன் 2020 ஜூலையில் திவால் மனு கொடுத்தது. 9 மில்லிமீட்டர் தோட்டா ஒன்று சுமார் 20 சென்ட்டுக்குக் கிடைத்தது போய், சில மாதங்களில் 60 சென்ட்டைத் தாண்டியது. தோட்டாவின் அடியில் இருக்கும் பொறிமூடியைப் பெரிய அளவில் செய்யும் நிறுவனங்கள் அந்த நாட்டில் நாலுதான். புதுத் தொழிற்சாலை கட்ட வருடங்கள் ஆகும். கட்டி முடிக்கும்போது கிராக்கி இறங்கியிருக்குமோ என்ற பயம் வேறு. ஆகவே விலை ஏறியது, வரத்து மெல்லத்தான் ஏறியது.

தோட்டா விற்ற கடைக்காரர்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். சிலர் விலையை ஏற்றினார்கள். சிலர் பழைய விலையையே வைத்து, "ஆளுக்கு இரண்டு பெட்டி" என்று பலகை எழுதி வைத்தார்கள். விலையை ஏற்றியவர்கள் மேல் வாடிக்கையாளர்களுக்கு வந்த கோபம் எளிதில் ஆறவில்லை. பழைய விலைக்கு விற்ற கடையில் வேறொரு சிக்கல்: கடை திறக்கும் முன்பே வரிசையில் நின்று வாங்கி, வெளியே அதிக விலைக்கு விற்பவர்கள் கிளம்பினார்கள். கடைக்காரர் எடுக்காத லாபத்தை வரிசையில் முதலில் நின்றவர் எடுத்துக்கொண்டார். தோட்டா கெட்டுப்போகாது, பதுக்கிவைக்க வசதியான பொருள். "கிடைக்காமல் போகுமோ" என்ற பயமே பாதித் தட்டுப்பாட்டை உண்டாக்கிவிடும். இந்தியாவில் இந்தக் கதை இப்படி நடக்காது. உரிமம் உள்ளவர் எவ்வளவு தோட்டா வாங்கலாம், எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு இங்கே சட்டப்படி வரம்பு உண்டு. அதாவது தோட்டாவுக்கு நாம் எப்போதும் ரேஷன் முறையில்தான் இருக்கிறோம்.

வாடிக்கையாளரின் அந்தக் கோபத்தை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி: 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியை, பெரும் பனிப்புயல் அடித்த மறுநாள் காலை கடைக்காரர் 20 டாலர் ஆக்கினால் நியாயமா? நூற்றுக்கு 82 பேர் நியாயமில்லை என்றார்கள். செலவு ஏறியதால் விலை ஏற்றினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், என் அவசரத்தைப் பார்த்து ஏற்றினால் பொறுக்கமாட்டார்கள் என்பதே அந்த ஆய்வின் சாரம். நம் 67 ரூபாய்க்கும் 120 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எந்தப் புத்தகமும் படிக்காமல் வெங்காயம் வாங்க வந்தவர் கடை வாசலில் கேட்டதும் இதையேதான்.

இப்போது கார் நிக்கோபாருக்குத் திரும்புவோம். விலை ஏறினால் சரக்கு வரும் என்ற வாதம் அங்கே செல்லுமா? செல்லாது என்பது என் எண்ணம். காரணம் கடல் மட்டுமல்ல. கப்பலை ஓட்டுவது அரசு. வெங்காயம் 300 ரூபாய் விற்றாலும் கப்பல் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பாது. வானிலை அறிக்கை பார்த்துத்தான் கிளம்பும். அடுத்ததாக, அந்தத் தீவு பழங்குடி மக்களுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால்வைக்க முடியாது. உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. நிக்கோபாரிகளின் நிலத்தையும் வாழ்வையும் காப்பதற்கு வந்த சட்டம் அது. அந்த நோக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. இங்கே விலை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு புது வியாபாரி மூட்டையோடு வந்து இறங்க முடியாது. உள்ளே இருப்பவர் சிலர்தான், அவர்களுக்கும் கப்பல் ஒன்றுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஏறுகிற விலை யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் பணம் போகிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒப்பான நிலையை யாழ்ப்பாணத்து மக்கள் நன்றாக அறிவார்கள். 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரி, சவர்க்காரம் என்று பல பொருள்கள் உள்ளே போக முடியவில்லை, அல்லது அளந்து அளந்து போயின. விலை கொழும்பு விலையைப் போல் பல மடங்கு ஏறியது. ஏறிய விலையால் ஒரு பீப்பாய்கூடக் கூடுதலாக வரவில்லை. தடுத்தது சந்தை அல்ல, சோதனைச்சாவடி. ஜனங்கள் ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சுத்திரியும் வைத்து விளக்கேற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். தேவையைக் குறைத்துக்கொள்வது ஒன்றே அங்கே கையிலிருந்த வழி.

நிக்கோபாருக்கு இந்த விவகாரம் புதிதும் அல்ல. அந்தத் தீவுகளுக்குள்ளேயே பழைய காலத்தில் ஒரு முற்றுரிமை இருந்தது. சௌரா என்ற சின்னஞ்சிறு தீவில் மட்டும்தான் மண்பானை செய்வார்கள், செய்பவர்கள் பெண்கள். மண் அவர்கள் தீவில் இல்லை. பக்கத்துத் தெரெஸ்ஸாவிலிருந்து கொண்டுவருவார்கள். மண் வைத்திருக்கும் தெரெஸ்ஸாக்காரர்களே ஏன் பானை செய்யவில்லை? வேறு தீவார் செய்தால் கேடு வரும் என்ற நம்பிக்கை. கார் நிக்கோபார்க்காரர்கள் ஓடம் கட்டிப் பல மணி நேரம் கடலில் துடுப்புப் போட்டுச் சௌராவுக்குப் போய்ப் பானை வாங்கி வந்தார்கள்; பெரிய ஓடங்களும் சௌரா வழியாகத்தான் கைமாறின. இன்றைய உரிமச் சட்டம் செய்வதை அன்று நம்பிக்கை செய்தது. அந்த முற்றுரிமையை உடைத்தது வாதமோ வழக்கோ அல்ல, அலுமினியப் பாத்திரம்.

வெளியாரோடு நடந்த வணிகத்தில் பணமாகப் புழங்கியது தேங்காய். 19-ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்தும் மலாய்க் கரையிலிருந்தும் இந்தியக் கரையிலிருந்தும் வந்த மரக்கலங்கள் கத்தி, துணி, அரிசி, புகையிலை கொடுத்துத் தேங்காய் வாங்கிப் போயின. இத்தனை ஜோடித் தேங்காய்க்கு இன்ன பொருள் என்று கணக்கு. பின்னர் கொப்பரை. 20-ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் இந்த வணிகத்தின் பெரும்பகுதி குஜராத்தைச் சேர்ந்த ஜாட்வெட் குடும்பத்து நிறுவனத்தின் வழியாக நடந்தது. கொப்பரை வாங்குபவரும் அரிசி விற்பவரும் ஒருவரே என்றால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தட்டுப்பாட்டில் அரிசி விலையை ஏற்றவே வேண்டாம். கொப்பரைக்குக் கொடுக்கும் விலையைக் கொஞ்சம் இறக்கினால் போதும். அரிசிப் பலகையில் பழைய விலைதான் இருக்கும், ஆனால் அதே அரிசிக்கு அதிகத் தேங்காய் உடைக்கவேண்டியிருக்கும். பண்டமாற்று நடக்கும் எந்த ஊரிலும் விலையேற்றம் இப்படி ஒளிந்துகொள்ள இடமுண்டு. இதற்கு மாற்றாகத்தான் நிக்கோபாரிகளின் சொந்தக் கூட்டுறவுகள் வந்தன: கார் நிக்கோபாரில் எலோன் ஹினெங்கோ, நான்கௌரி பக்கத் தீவுகளில் மனுலா மதாய். கொப்பரையை வாங்குவதும் நுகர்பொருள்களை விற்பதும் உறுப்பினர்களின் கைக்கு வந்தது. லாபம் வந்தாலும் அது ஊருக்குள்ளேயே நிற்கும் என்பது கணக்கு. கூட்டுறவு என்றால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுகளைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார். ஆனால் ஊரில் இரண்டாவது கடை ஒன்று இருக்கிறது என்பதே முதல் கடைக்காரரின் கையைக் கொஞ்சம் பிடிக்கும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிலைமை வேறு. சுனாமி கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களைத் துடைத்துப் போட்டது. மலாக்காவில் இருந்த விமானப்படைத் தளத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் குடும்பத்தினரும் போனார்கள். தென்னையும் தாழையும் பெருமளவில் அழிந்தன. தாழை என்றால் நம் ஊர்த் தாழம்பூ நினைவுக்கு வரும். நிக்கோபாரில் அதன் உறவான ஒரு மரத்தின் பெரிய பழத்தை வேகவைத்துப் பிசைந்து உணவாகச் சாப்பிடுவார்கள். தென்னை, தாழை, கிழங்கு, பன்றி, மீன். இவை கையில் இருந்த காலத்தில் கப்பல் ஒரு மாதம் வராவிட்டாலும் பட்டினி இல்லை. தேங்காய்தான் பன்றிக்கும் தீனி, கடைக்கும் பணம். நட்ட தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அந்த இடைவெளியில் நிவாரண அரிசியும் நிவாரணப் பணமும் வந்தன, கடைச் சாப்பாடு பழகியது. கப்பல் தாமதம் புதிதல்ல. கப்பலை நம்பி அடுப்பு மூட்டுவதுதான் புதிது.

சட்டம் என்ன சொல்கிறது? பாக்கெட்டில் அச்சடித்த பொருளுக்கு எம்.ஆர்.பி.தான் உச்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்ட அளவியல் விதிகளின்படி குற்றம். "கப்பல் வாடகை தனி" என்று சேர்க்க முடியாது. சென்னை தியாகராய நகரிலும் கார் நிக்கோபாரின் பெர்கா கிராமத்திலும் அதே பிஸ்கட்டுக்கு அதே உச்சவிலை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தூரத்துக் கடைக்காரருக்குக் கிடைக்கும் கமிஷனிலேயே கப்பல் கூலியும் கழியவேண்டும் என்றால், கமிஷன் குறைவான சரக்கை அவர் எடுக்கவே மாட்டார். விலை ஏறாது, பொருளும் இருக்காது.

வெங்காயம், மீன், காய்கறிக்கு எம்.ஆர்.பி. இல்லை. அவற்றுக்கு உள்ள ஆயுதம் 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம். எந்தப் பொருளை எவ்வளவு இருப்பு வைக்கலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று அரசு இதன்கீழ் ஆணையிடலாம். மீறினால் ஏழு ஆண்டு வரை சிறை. பதுக்கல்காரரை விசாரணைக்கு முன்பே ஆறு மாதம் வரை காவலில் வைக்க 1980-இல் தனிச்சட்டம் ஒன்றும் வந்தது. 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் இந்தப் பட்டியலில் சேர்த்து, இரண்டடுக்கு முகக்கவசம் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய், 200 மில்லி கிருமிநாசினி 100 ரூபாய் என்று மத்திய அரசு விலை கட்டியது. அதே ஆண்டில் இந்தச் சட்டத்தின் பிடியைத் தளர்த்திய திருத்தம், மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்றாக வந்து 2021-இல் அவற்றோடு சேர்ந்தே போனது. ஆகவே பழைய சட்டம் முழு வலுவோடு இருக்கிறது.

வலு இருக்கிறது என்பதால் விலை கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். இலங்கையைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் கடைசியில் அங்கே அத்தியாவசிய உணவுக்காக அவசரகால விதிகள் வந்தன, சீனிக்கும் அரிசிக்கும் உச்சவிலை வந்தது, கிடங்குகளில் சோதனை நடந்தது. பால்மாவுக்கும் கட்டுப்பாட்டு விலை இருந்தது. ஆனால் இறக்குமதி செய்ய டாலர் இல்லை. இறக்கினாலும் கட்டிய விலைக்கு விற்றால் நட்டம். பால்மா கடைகளிலிருந்து காணாமல் போனது, தேநீர்க் கடைகளில் பால்தேநீர் நின்று பிளேன்டீ மட்டும் ஊற்றினார்கள். அக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்ததும் ஒரு கிலோ பொதி 945 ரூபாயிலிருந்து 1,195 ரூபாய்க்கு ஒரே தாவலாகப் போனது. சரக்கே இல்லாத இடத்தில் விலை கட்டுவது வெறும் அறிவிப்பு. கையில் சரக்கு வைத்திருக்கும் அரசுதான் விலை கட்டமுடியும்.

சரக்கு வைத்திருந்தாலும் எங்கே, எப்படிக் கொடுப்பது என்பது தனிப் பாடு. 2021 மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் மருந்துக்கு விடிய விடிய நின்ற கூட்டம் பலருக்கு மறந்திருக்காது. அரசு விலை நியாயமான விலைதான். ஆனால் ஊர் முழுவதற்கும் ஓரிரு இடத்தில் வரிசை. வரிசையில் நிற்க ஆளில்லாத குடும்பம் கள்ளச்சந்தையில் பல மடங்கு கொடுத்தது. பிறகு விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள், அடுத்து மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அந்தக் கடைசி ஏற்பாட்டை முதலிலேயே செய்திருக்கலாம்.

கார் நிக்கோபாரைப் பொறுத்தவரை பங்கிடுவது உண்மையில் எளிது. 18 ஆயிரம் பேர், சுமார் 15 கிராமங்கள், ஒவ்வொன்றுக்கும் முதல் கேப்டன் எனப்படும் ஓர் ஊர்த்தலைவர், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊர். ரேஷன் அட்டை ஏற்கெனவே இருக்கிறது. அரிசி, சர்க்கரை போல் பருப்பும் சமையல் எண்ணெயும் பருவமழைக்கு முன்பே, மே மாதம் முடியுமுன், கிடங்கில் இறங்கிவிட்டால், கப்பல் பிந்தும் வாரத்தில் கடைக்காரர் பருப்புக்கு என்ன விலை சொன்னாலும் அது எடுபடாது. அழுகும் பொருளுக்கு இது செல்லாது. வெங்காயமும் தக்காளியும் அந்த மாதங்களில் விலை ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தில் அழுகலின் பங்கை ஒத்துக்கொண்டு, அதற்கு மேல் போவதைத்தான் கேட்கவேண்டும். கேட்பதற்குக் கையில் ரசீது வேண்டும். ரசீதோடு மாவட்ட துணை ஆணையர் அலுவலகத்துக்கோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கோ போகலாம். ரசீது இல்லாமல் போனால் "அவர் சொன்னார், இவர் சொன்னார்" என்பதோடு முடியும்.

நிர்வாகத்தின் கையில் இன்னொரு பிடியும் இருக்கிறது, சென்னையில் எந்த அதிகாரிக்கும் இல்லாத பிடி. அங்கே கடை வைத்திருக்கும் வெளியார் உரிமத்தின் பேரில்தான் வைத்திருக்கிறார். வெங்காயம் எந்தக் கப்பலில் வந்தது, எத்தனை மூட்டை, கடை வாசலில் அடக்கவிலை என்ன என்று ஒரு பலகையில் எழுதி மாட்டவேண்டும் என்பதை அந்த உரிமத்தின் நிபந்தனையாகச் சேர்த்தால் போதும். 67 ரூபாய் என்று பலகையில் இருக்கும்போது 120 ரூபாய் கேட்பவர், அதற்கான காரணத்தையும் வாங்குபவர் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டியிருக்கும்.